மர்மப் படத்துக்குச் சிரிப்பு இழுக்கன்று

ஆங்கிலத்தில் புகழ்பெற்ற கொலை மர்ம நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் பாத்திரங்களுக்கெல்லாம் ஊரறிந்த முகங்களைத் தேடி அமர்த்தி, நடுநடுவே சிரிப்பையும் கலந்து திரைப்படமாக்கினால் மூலக்கதையின் கௌரவம் குலைந்துபோகிறது என்றும், மர்மம் என்பது இருளும் மௌனமும் பொருந்திய கலையாகையால் நட்சத்திரக் கூட்டமும் நகைச்சுவையும் அதற்கு ஜன்ம விரோதிகள் என்றும் ஓர் அபிப்பிராயம் கற்றவர் நடுவில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கோயம்புத்தூரில் நல்ல சினிமாவைப் பற்றிப் பேசக் கூடுகிற சபைகளில் இதை மறுத்து ஒரு சொல் எழ நான் கேட்டதில்லை. எஸ். பாலசந்தரின் பெயரை எடுத்தால் போதும். 1954-இல் ‘அந்த நாள்’ என்ற படத்தை எடுத்த மேதை 1970-இல் ‘நடு இரவில்’ எடுக்கிற அளவுக்கு இறங்கிவிட்டாரே என்ற அங்கலாய்ப்பு உடனே பிறக்கிறது. முன்னது பாட்டே இல்லாத, இறுக்கமான படம்; ஆகவே அது கலை. பின்னது அகதா கிறிஸ்டியின் கதையைத் தழுவி, வீடு நிறைய நடிகர்களைக் கூட்டி, கலகலப்பும் சேர்த்த படம். ஆகவே அது வெறும் பொழுதுபோக்கு. இவ்வளவுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்பு அடியிலிருந்தே பிழையானது என்பதும், இதை நம்பியதனாலேயே தமிழ்த் திரைக்கு ஒரு நல்ல கலை வகை ஏறக்குறைய இல்லாமற் போயிற்று என்பதும் என் கருத்து.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைகூறுவோரில் பலர் அதைப் பார்த்தவர்களாகத் தோன்றவில்லை. கிறிஸ்டி 1939-இல் எழுதிய மூல நாவலில், பெரும்பாலும் ஒருவரையொருவர் அறியாத பத்துப் பேர் வெவ்வேறு பொய்க் காரணங்களால் ஒரு தீவுக்கு வரவழைக்கப்படுகிறார்கள். இரவு உணவு முடிந்த வேளையில் கிராமபோன் தட்டிலிருந்து எழும் ஒரு குரல், சட்டத்தின் கைக்கு எட்டாத பழைய கொலைப் பழி ஒன்றை ஒவ்வொருவர் மீதும் சுமத்துகிறது. அதன் பிறகு ஒரு குழந்தைப் பாட்டின் வரிசைப்படி அவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிகிறார்கள். வீணை வித்துவானாக உலகம் அறிந்த பாலசந்தர் இந்தக் கதையைத் தழுவி, தாமே இயக்கி, தாமே இசையமைத்து, மருத்துவராக ஒரு பாத்திரத்தையும் ஏற்றுக்கொண்டார். தனித்ததொரு தீவில் ஒரு பங்களா. அதில் ஒரு செல்வந்தர். மனம் பேதலித்த அவருடைய மனைவி. சொத்தில் கண்வைத்து வந்து சேருகிற உறவினர் கூட்டம். பிறகு ஒவ்வொருவராகக் கொலை. மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ என்று அந்த நாளைய ரசிகர் ஒவ்வொருவருக்கும் பழகிய முகங்கள் அந்த வீட்டில் நிறைந்திருந்தன. கொலையாளி யார் என்பதை இந்தக் கட்டுரையில் எங்கும் சொல்லப்போவதில்லை. லண்டனில் 1952-இல் தொடங்கிய கிறிஸ்டியின் ‘மௌஸ்டிராப்’ நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாமென்று பார்வையாளரை மேடையிலிருந்தே கேட்டுக்கொள்வது இன்றளவும் சம்பிரதாயம். அது நல்ல சம்பிரதாயம். நாமும் அதற்குக் கட்டுப்படுவோம்.

இப்படத்தை அந்நியச் சரக்கு என்று தள்ளுகிறவர்களுக்கு முதலில் மறுமொழி சொல்கிறேன். முன்பின் அறியாத பத்துப் பேர் ஒரு கனவான் வீட்டு விருந்துக்குக் கூடுவது இங்கிலாந்துக்கு இயல்பாக இருக்கலாம். நம் நாட்டில் அதை எந்தப் பார்வையாளரும் நம்பமாட்டார். உறவினர் கூடுவதை நம்புவார். சொத்துக்காகக் கூடுவதை எளிதாகவே நம்புவார். ஆகவே பாலசந்தர் அந்நியர்களை உறவினர்களாக மாற்றினார். அந்த ஒரு மாற்றத்தால் கதையின் அறக் கேள்வியே வேறாகிவிட்டது. கிறிஸ்டியின் தீவில் எழும் கேள்வி, ‘நீ முன்பு செய்து மறைத்த பாவம் என்ன?’ என்பது, பாலசந்தரின் தீவில் எழும் கேள்வி, ‘இவர் போனால் யாருக்கு எவ்வளவு சேரும்?’ என்பது. முதல் கேள்வி தனிமனித மனச்சாட்சியை நோக்கியது; இரண்டாவது குடும்பத்தை நோக்கியது. கொங்கு நாட்டில் வாழ்ந்தவர் எவருக்கும் இந்த இரண்டாவது கேள்வியின் கூர்மையை விளக்க வேண்டியதில்லை. அவிநாசியிலிருந்து தாராபுரம் வரையில் எந்தத் தோட்டத்துச் சாளையின் திண்ணையில் போய் அமர்ந்தாலும், ஒரே கிணற்றில் நான்கு பங்காளிகள் முறைவைத்து நீர் இறைத்த கதையும், அந்த முறையில் ஒரு நாழிகை கூடிக் குறைந்ததால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை அற்றுப்போன கதையும் காதில் விழும். பாகப் பிரிவினைக்கு உட்கார்ந்த அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பார்வையில் பாதி மர்ம நாவல் அடங்கியிருக்கிறது. அந்தப் பார்வையைத் திரையில் பிடித்த படத்தை இங்கிலீஷ் நகல் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

தழுவல் என்பதே இழிவு என்று நினைக்கிற மனப்பான்மையும் சரித்திரம் அறியாததால் வருவது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழ் ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் கொண்டுவந்தபோதுதான், நாவல் படிக்கும் பழக்கமே பல்லாயிரம் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்த வடுவூராரின் ‘திகம்பர சாமியா’ரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் நம் திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம், 1950-இல், சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸில். துப்பறிபவராக எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றி வந்தார். மர்மமும் கேளிக்கையும் ஒரே மனிதரின் முகத்தில் மாறி மாறித் தோன்றின. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பாலசந்தரிடம் எதைக் குற்றமென்று சொன்னார்களோ அதைத்தான் சேலம் முன்பே செய்து காட்டியிருந்தது.

நட்சத்திரக் கூட்டத்தைப் பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பெயர்பெற்ற முகம் திரையில் தோன்றிய மாத்திரத்தில் பாத்திரம் மறைந்து நடிகரே எஞ்சுகிறார் என்றும், ஆகவே மர்மத்துக்கு வேண்டிய நம்பகம் கெடுகிறது என்றும் சொல்கிறார்கள். மற்றப் படங்களுக்கு இது ஓரளவு பொருந்தலாம். மர்மப் படத்தின் உள்ளமைப்பை நினைத்துப் பார்த்தால் உண்மை இதற்கு நேர்மாறாக இருப்பது விளங்கும். நாவலைப் படிப்பவருக்குப் பத்துப் பெயர்களில் குழப்பம் வந்தால் நான்கு பக்கம் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அரங்கில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. யார் யாருக்கு என்ன உறவு, யார் எந்த அறையில் இருந்தார், யார் எதைச் சொன்னார் என்பதையெல்லாம் இரண்டு மணி நேரம் நினைவில் தாங்க வேண்டுமானால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மறக்க முடியாத முகம் ஒன்று வேண்டும். 1974-இல் சிட்னி லூமெட் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவலைப் படமாக்கியபோது, பனியில் சிக்கிய ஒரு ரயில் பெட்டிக்குள் ஷான் கானரி, இங்க்ரிட் பெர்க்மன், லாரன் பக்கால், வனெஸ்ஸா ரெட்கிரேவ், ஜான் கில்குட், அந்தோணி பெர்கின்ஸ் என்று ஒரு கூட்டத்தையே ஏற்றினார். அவர்களில் எவருக்கும் நீண்ட வேடம் இல்லை. ஸ்வீடன் நாட்டுக் கிறிஸ்தவ ஊழியக்காரியாக வந்த பெர்க்மன், விசாரணைக் காட்சி ஒன்றில் சில நிமிடங்களே நடித்து, துணை நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார். வந்து நின்ற கணத்திலேயே அந்த முகம் நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. அதன் பிறகு கதை அவரை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் நாம் அவரை மறப்பதில்லை. இதை ஆடம்பரம் என்று சொல்வது தவறு. படத்தின் கட்டுமானத்துக்கே இது அவசியம்.

இன்னும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது தமிழ்த் திரையின் தனிப்பட்ட வியாதியைப் பற்றியது. நம் படங்களில் முகமே தீர்ப்பாக இருக்கிறது. கதாநாயகர் கொலை செய்திருக்கமாட்டார். செய்திருந்தால் அது கொலையாகாது. வில்லன் வேடத்துக்கென்றே வார்க்கப்பட்ட நடிகர் ஒருவர் கதவோரம் நின்றால் போதும். டிக்கெட் கிழிக்கிறவர் முதல் கடைசி வரிசைச் சிறுவன் வரையில் எல்லோருக்கும் விடை தெரிந்துவிடுகிறது. 1950-இல் துப்பறிபவராக வந்த அதே நம்பியார் பின்னாளில் எந்த வீட்டுப் படியேறினாலும் குற்றவாளி என்று முடிவுகட்டப்பட்டதை நினைத்துப் பாருங்கள்! ஒற்றை நாயகர், ஒற்றை வில்லன் என்ற இந்த ஏற்பாட்டுக்குள் நியாயமான மர்மக் கதை ஒன்றைப் பொருத்தவே முடியாது. அதை உடைக்க ஒரே வழிதான் உண்டு: ஏறக்குறைய சம எடையுள்ள முகங்கள் பலவற்றை ஒரே வீட்டில் கூட்டுவது. ‘நடு இரவில்’ படத்தில் எம்.ஜி.ஆரும் இல்லை, சிவாஜியும் இல்லை; ஆயினும் எல்லோரும் தெரிந்தவர்கள். கண்டிப்பும் நேர்மையுமான தந்தையாக நாம் அறிந்த மேஜர், பொறுமையே உருவான தாயாக நாம் அறிந்த பண்டரிபாய், கண்ணீரோடு நாம் அறிந்த சௌகார் ஜானகி ஆகியோர் ஒருங்கே அமர்ந்திருக்கும் கூடத்தில் சந்தேகம் யார்மேல் போய் விழும்? முன் படங்களில் அவர்கள் சம்பாதித்த நன்மதிப்பையெல்லாம் இயக்குநர் தம் புதிருக்குத் திரையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். பெயர் தெரியாத புதுமுகங்களை வைத்து எடுத்திருந்தால் இது ஒருநாளும் கைகூடியிராது. ‘நட்சத்திரங்கள் மர்மத்தைக் கெடுத்தன’ என்று சொல்பவர்கள் ஒற்றை நட்சத்திரத்தின் குற்றத்தைப் பல நட்சத்திரங்களின் தலையில் ஏற்றுகிறார்கள்.

சிரிப்பு விஷயத்துக்கு வருவோம். கொலை விழுந்த வீட்டில் சிரிப்பென்ன என்று கேட்பவர்கள், நம் கூத்து மேடையை ஒருமுறை நினைவுகூர வேண்டும். சேலத்துப் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில், துகிலுரியும் காட்சியின் நடுவிலும் கட்டியங்காரன் குறுக்கே புகுந்து பேசுகிறான், சபை சிரிக்கிறது, சிரித்த அதே சபை அடுத்த கணம் கண் கலங்குகிறது. அந்தச் சிரிப்பினால் பாஞ்சாலியின் துயரம் மலிந்துவிட்டதென்று எந்தக் குடியானவரும் சொன்னதில்லை. மரியாதை ராமன் கதைகளில் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு தடயம். எதையும் நாம் சிரிக்காமல் கேட்டதில்லை. தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை எழுதியபோது தமிழ் வாசகர் அவனை இரு கைநீட்டி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், குற்றமும் கோமாளித்தனமும் அக்கம்பக்கமாக வசிப்பது நமக்குப் பழக்கமானது என்பதே. அந்நியமானது சிரிப்பற்ற மர்மம்தான். அது மேற்கிலிருந்து மிகப் பிந்தி வந்த நாகரிகம்.

சிரிப்புக்கு மர்மத்தில் ஒரு வேலையும் உண்டு. பார்வையாளரின் கவனம் இறுகியிருக்கும் வரையில் தடயத்தை அவர் கண்ணெதிரே வைக்க முடியாது; வைத்தால் கண்டுகொள்வார். சிரிக்கும்போது அவர் காவல் தளர்கிறது. அந்தத் தளர்ந்த கணத்தில் ஒரு சொல்லையோ ஒரு பொருளையோ கதாசிரியர் சபைமுன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். இறுதியில் அது திரும்பி வரும்போது, ‘இதை நாமும் பார்த்தோமே’ என்ற வியப்பு பிறக்கிறது. 1945-இல் ரெனே கிளேர் இதே தீவுக் கதையை ஹாலிவுட்டில் படமாக்கியபோது, ஒருவரையொருவர் சந்தேகித்துச் சாவித் துவாரம் வழியே ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் வரிசை ஒன்றை வைத்தார். பார்க்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த வீட்டில் எவரும் எவரையும் நம்பவில்லை என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல எந்தச் சோக வசனத்தாலும் இயன்றிராது. கோவைக்காரர்களாகிய நமக்கு இது புதிதுமன்று. ‘வாங்க, போங்க’ என்று மரியாதை குறையாமல் பேசிக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் குசும்பு செய்கிற மனிதரின் உள்ளத்தை அறிவது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். கோபி பக்கத்து வெள்ளாங்கோயிலில் பிறந்த கே. பாக்யராஜ், சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்கிறவர் என்று பெயரெடுத்த காலத்திலேயே, 1981-இல் ‘விடியும் வரை காத்திரு’ எடுத்து, மனைவியைக் கொல்லத் திட்டமிடும் கணவராகத் தாமே நடித்தார். எல்லோருக்கும் பிடித்த அந்த வெகுளி முகத்துக்குப் பின்னால் கொலை ஒளிந்திருக்கிறது என்பதே அந்தப் படத்தின் பயங்கரம். நகைச்சுவை மர்மத்தைக் கொன்றுவிடும் என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிறிஸ்டிக்கே சில கேளிக்கைப் படங்கள் பிடிக்கவில்லை. 1961 முதல் மார்கரெட் ரூதர்ஃபோர்டு அவருடைய துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக நடித்து வந்த படங்களின் அடாவடித்தனம் அவருக்கு உவப்பாக இல்லை. ஆனால் தம் அடுத்த மார்ப்பிள் நாவலை அந்த நடிகைக்கே, பாராட்டோடு, சமர்ப்பணம் செய்தார். 1974-இல் லூமெட்டின் படத்தை நேரில் வந்து பார்த்தபோது, அதில் துப்பறியும் புவாரோவின் மீசை இன்னும் சிறப்பாக இருந்திருக்கலாம் என்பதுதான் அவர் சொன்ன குறையாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டு வகைப் படங்களிலும் சிரிப்பு உண்டு. ஒன்றை வெறுத்து மற்றொன்றை அவர் ஏற்றதற்குக் காரணம் சிரிப்பின் அளவன்று, அதன் இடம். கதையின் உள்ளிருந்து வருகிற சிரிப்பும் மேலே ஒட்டவைத்த சிரிப்பும் வேறு வேறு. 1965-இல் இந்தியில் வந்த ‘கும்நாம்’, இதே நாவலின் நிழலில் எழுந்த படம். அதில் மெஹ்மூது பங்களாவின் பட்லராக வருகிற இடங்களில் சிரிப்பும் சந்தேகமும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. கடற்கரைக் கொண்டாட்டங்களிலோ கதை வெளியே காத்து நிற்கிறது. முன்னதை வைத்துக்கொண்டு பின்னதை விட்டிருக்கலாம் என்று சொல்வது விமர்சனம். சிரிப்பே கூடாதென்று சொல்வது விமர்சனமன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னோர் ஆட்சேபம் இருக்கிறது. அதை எழுப்புபவர்களை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது இரக்கத்திலிருந்து பிறக்கிறது. ஒரு மனித உயிர் போவதை விளையாட்டுப் புதிராக்கிப் பார்ப்பது பாவம் அல்லவா என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு நான் மறுகேள்வியே கேட்பேன். நம் நாயகப் படங்களில், ‘யதார்த்தம்’ என்றும் ‘வீரம்’ என்றும் பாராட்டப்படும் படங்களிலும் கூட, அரிவாளுக்கும் துப்பாக்கிக்கும் எத்தனை பேர் விழுகிறார்கள்? விழுந்தவர் யார், அவர் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர் சாவுக்கு யார் பொறுப்பு என்று அந்தப் படங்களில் யாராவது கேட்பதுண்டா? அரங்கம் கைதட்டுகிறது; நாயகர் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். மர்மக் கதையில் ஒரே ஓர் உயிர் போனாலும் உலகம் நின்றுவிடுகிறது. ரயில் நிற்கிறது, வீட்டுக் கதவுகள் அடைபடுகின்றன, செத்தவர் எவ்வளவு கெட்டவராயினும், அவரை யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பதற்கு விடை கிடைக்காமல் ஒருவரும் அந்த இடத்தை விட்டு நகர இயலாது. ஓர் உயிருக்குக் கணக்குக் கேட்டே தீரவேண்டும் என்ற தர்மத்தின்மேல் கட்டப்பட்ட கதை வகை இது ஒன்றுதான். லூமெட்டின் படம் வால்ட்ஸ் இசையோடு ரயில் புறப்படும் உல்லாசத்துக்கு முன்னால், ஒரு குழந்தை கடத்தப்பட்டு இறந்த கொடுமையைப் பத்திரிகைச் செய்திகளாகவும் இருண்ட காட்சிகளாகவும் காட்டித்தான் தொடங்குகிறது. அந்தச் சாவின் பாரம் படம் முழுவதும் அந்த உல்லாசத்தின் அடியில் கிடக்கிறது. இரத்தத்தைக் கண்டு ஆரவாரிக்கிற கூட்டத்தைக் கண்டிக்காமல், சிரித்துக்கொண்டே நியாயத்தைத் தேடுகிற கூட்டத்தைக் கண்டிப்பது எந்த அறநூலில் சொல்லப்பட்டிருக்கிறது?

மீதி இருப்பது வசூல் வாதம். ‘அந்த நாள்’ முதல் வெளியீட்டில் தோற்றதைக் காட்டி, தமிழ் ரசிகருக்கு மர்மமே ஜீரணமாகாது என்றும், ஆகவேதான் பிறகு வந்தவர்கள் சிரிப்பையும் ஆடம்பரத்தையும் கலந்து அவருக்கு ஊட்ட நேர்ந்தது என்றும் சொல்வார்கள். அதே 1954-இல் நம் கோயம்புத்தூர்ப் பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’ வெளிவந்ததை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவல், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிகர்கள், மலைக்கள்ளன் யார் என்ற புதிரைச் சுற்றியே கதை, போலீஸ்காரராக டி.எஸ். துரைராஜின் ஹாஸ்யம் வேறு. மறு ஆண்டு இதையே நாயுடு ‘ஆசாத்’ என்ற பெயரில் திலீப் குமாரை வைத்து இந்தியிலும் எடுத்தார். தேசிய விருதுகளில் தமிழுக்கான குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை முதன்முதலாகப் பெற்ற படமும் ‘மலைக்கள்ளன்’தான், அதே ஆண்டில் ‘அந்த நா’ளுக்குக் கிடைத்தது தகுதிச் சான்றிதழ். இதைச் சொல்வதால் பாலசந்தரின் பழைய படத்தைத் தாழ்த்துவதாக யாரும் எண்ண வேண்டாம்; அது தமிழில் வந்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிரைச் சிரிப்போடு சொல்லும் வழியும் கலை வழியே என்பதை அந்த ஆண்டில் அரசாங்கமும் ஒத்துக்கொண்டது, ரசிகரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர் பின்னாளில் வந்த விமர்சகர் மட்டுமே. பாலசந்தரும் இரண்டு வழிகளும் தம்முடையவை என்றே கருதியிருக்க வேண்டும். இல்லாவிடில் ‘அந்த நாள்’ எடுத்தவர் அதன் பிறகு இந்தத் தீவுக்கு வந்திருக்கமாட்டார்.

ஒரு வகையைத் தாழ்ந்ததென்று ஊர் முடிவுகட்டிவிட்டால், அதில் தேர்ச்சியுள்ளவர்கள் அதை விட்டு விலகிவிடுகிறார்கள். விலகிய பிறகு அது உண்மையிலேயே தாழ்ந்துபோகிறது. இங்கே நடந்தது இதுதான். கொங்கு நாட்டில் மர்மத்துக்கு வாசகர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமார் நம் கோயம்புத்தூர்க்காரர். காந்திபுரத்திலும் உக்கடத்திலும் பஸ்ஸுக்குக் காத்திருந்த எத்தனையோ மில் தொழிலாளரும் கல்லூரி மாணவியரும் அவருடைய கதைகளில் துப்பறியும் விவேக்கையும் ரூபலாவையும் கையில் வைத்துக்கொண்டுதான் வழிப்பயணத்தைக் கழித்தார்கள். சூலூரில் பிறந்த மணிவண்ணன் 1984-இல் ‘நூறாவது நாள்’ எடுத்தார். அதில் மொட்டைத் தலையும் சிவப்புக் கோட்டுமாக வந்து நாட்டையே நடுங்கவைத்த சத்யராஜும் கோவைக்காரர்தான். இருவரும் பின்னாளில் சேர்ந்து சிரிக்கவைத்ததை நினைத்தால், பயமும் சிரிப்பும் இந்த மண்ணில் ஒரே கையில் இருப்பது தெரிகிறது. 1914-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் கட்டிய ஊர் இது. சேலமும் கோவையும் சேர்ந்து ஒரு காலத்தில் சென்னைக்கு இணையாகப் படம் எடுத்தன. மூலப்பொருள் எல்லாம் இருக்கிறது. இல்லாதது மதிப்பு ஒன்றே.

ஆகவே திரைப்படச் சங்கங்களை நடத்தும் நண்பர்களிடம் என் வேண்டுகோள்: ‘அந்த நா’ளைத் திரையிடுகிற அன்றே ‘நடு இரவில்’ படத்தையும் திரையிடுங்கள், இரண்டையும் ஒரே மனிதரின் இரண்டு வகைத் திறமைகளாகப் பார்த்துப் பேசுங்கள். படம் எடுக்க வசதி படைத்தவர்களிடம் இன்னொரு வேண்டுகோள்: ஒரு நாயகருக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பத்து நல்ல நடிகர்களுக்குப் பகிர்ந்து, பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புச் சாளையில் அவர்களைப் பாகப் பிரிவினைக்குக் கூட்டி, கதவைச் சாத்துங்கள். அவர்கள் கொங்குத் தமிழ் பேசட்டும். சபை வயிறு குலுங்கச் சிரிக்கட்டும். கொலையாளி யார் என்பது கடைசி ரீல் வரையில் ஒருவருக்கும் தெரியாமல் இருக்கட்டும். பங்காளிச் சண்டையும் குசும்பும் அறிந்த ஓர் எழுத்தாளரை இதற்கென்று தேடிப் பிடியுங்கள். கோவையில் அத்தகையவருக்குப் பஞ்சமில்லை.